நான்காவது ஆளின் அரைப் புள்ளி

பள்ளிச் சதுரங்க அணி ஒன்று தேசியப் போட்டிக்குப் போகிறது என்று கேட்டதும் நம் கண்முன் ஒரு காட்சி வந்து நின்றுவிடும். நீள மேசை. இந்தப் பக்கம் ஒரு பள்ளிப் பிள்ளைகள் நால்வர், அந்தப் பக்கம் இன்னொரு பள்ளிப் பிள்ளைகள் நால்வர், நடுவே நான்கு பலகைகள். இரண்டரைக்கு ஒன்றரை என்று ஒரு பள்ளி மற்றதை வெல்கிறது. 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது நாம் பார்த்ததும் இதே காட்சிதான். நாட்டுக்கு நான்கு பலகை, ஒரு மாற்று ஆட்டக்காரர், பதினோரு சுற்று. அதனால் அணி என்றாலே எதிரே இன்னொரு அணி உட்கார்ந்திருக்கும் என்று நாம் எடுத்துக்கொள்வது இயல்பு.

அமெரிக்காவில் 1969 முதல் நடந்துவரும் தேசிய உயர்நிலைப் பள்ளிச் சதுரங்கப் போட்டியை இந்த நினைப்போடு பார்க்கப் போனால் தலையும் புரியாது, வாலும் புரியாது. அங்கே ஒரு பள்ளி இன்னொரு பள்ளியோடு மோதுவதே கிடையாது. ஆடுவதெல்லாம் தனி ஆட்டம். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரில் ஆடுகிறது, தன் புள்ளியை எடுக்கிறது, தனக்கென்று கோப்பையும் வாங்கலாம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாலை மேடையில் பள்ளிகளின் பெயரை வாசித்து, இந்த வருடத்துச் சாம்பியன் அணி இது என்று அறிவிக்கிறார்கள். மோதாத அணிகளில் ஒன்று எப்படி ஜெயித்தது? டீ கையில் இருக்கட்டும். ஒவ்வொரு படியாகப் போவோம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். பெரிய ஓட்டல் ஒன்றின் மாநாட்டு அரங்கம். வெள்ளிக்கிழமை மதியம் தொடங்கி ஞாயிறு மாலைக்குள் ஏழு சுற்று. வெள்ளியன்று இரண்டு, சனிக்கிழமை மூன்று, ஞாயிறு இரண்டு என்பது வழக்கமான பங்கீடு. ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால்கூட ஓர் ஆட்டம் மூன்று மணி நேரம் இழுக்கலாம். அப்படியானால் சனிக்கிழமை ஒரே நாளில் ஒன்பது மணி நேரம் பலகை முன் உட்கார வேண்டி வரும். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது சின்ன வேலை அல்ல. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி மூன்றின் போட்டிகளையும் ஒன்றாகச் சேர்த்து சூப்பர்நேஷனல்ஸ் என்று நடத்துவார்கள். 2005இல் நாஷ்வில் நகரில் அப்படி நடந்தபோது ஐயாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகள் ஆடினார்கள்.

எல்லாரும் ஒரே பிரிவில் ஆடுவதில்லை. ஆட்டத் தரத்துக்கு அங்கே ரேட்டிங் என்று ஓர் எண் உண்டு. தொடக்க நிலைக்காரர் சில நூறில் இருப்பார். நன்றாக ஆடும் பள்ளிப் பிள்ளை ஆயிரத்து ஐந்நூறு, அறுநூறில் இருக்கும். 2200ஐத் தொட்டால் மாஸ்டர். இந்த எண்ணுக்குள் இருப்பவர்கள் மட்டும் என்று வரம்பு வைத்துத் தனித்தனிப் பிரிவுகள் நடக்கும், அவற்றுக்கும் அணிக் கோப்பைகள் உண்டு. தேசியப் பட்டம் தருவது மேல் வரம்பே இல்லாத முதன்மைப் பிரிவு. அதில் சில நூறு பேர் இருப்பார்கள். நாம் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

சில நூறு பேர், ஏழே சுற்று. எல்லாரும் எல்லாரோடும் ஆட முடியாது. தோற்றவரை வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் விமானம் ஏறி வந்த பிள்ளையை வெள்ளிக்கிழமை மாலையே திருப்பி அனுப்புவது கொடுமை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. ஸ்விஸ் முறை என்று பெயர். யூலியஸ் முல்லர் என்பவர் வகுத்தது. 1895இல் சூரிக் நகரில் முதன்முதலாகப் பயன்பட்டது. யாரையும் வெளியேற்றாமல், ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்களை இணை சேர்ப்பதுதான் அதன் சாரம்.

எண்களை வைத்துப் பார்த்தால் எளிது. 256 பேர் என்று வைத்துக்கொள்வோம். ரேட்டிங் வரிசைப்படி நிறுத்தி, பட்டியலை நடுவில் வெட்டுகிறார்கள். முதல் ஆளுக்கு எதிரே 129ஆவது ஆள், இரண்டாம் ஆளுக்கு எதிரே 130ஆவது ஆள். ஆட்டம் சமனில் முடிந்து இருவருக்கும் அரைப் புள்ளி கிடைக்கும் டிராவைக் கணக்கில் எடுக்காவிட்டால், முதல் சுற்று முடிந்ததும் 128 பேருக்கு ஒரு புள்ளி, மீதி 128 பேருக்கு ஒன்றும் இல்லை. இரண்டாம் சுற்றில் வென்றவர்கள் தங்களுக்குள்ளும் தோற்றவர்கள் தங்களுக்குள்ளும் ஆடுகிறார்கள். அந்தந்தக் கூட்டத்தை மறுபடி நடுவில் வெட்டி இணை சேர்ப்பார்கள். முழுப் புள்ளியோடு நிற்பவர்கள் 64 ஆவார்கள், பிறகு 32, 16, 8, 4. ஏழாம் சுற்று முடிவில் ஏழுக்கு ஏழு எடுத்தவர்கள் இருவர்தான் மிஞ்சுவார்கள். நிஜத்தில் டிராக்கள் குறுக்கிடுவதால் அதுவும் அரிது.

உச்சியில் நிற்பவரைப் பற்றி யோசிப்பது சுலபம். நடுவில் இருக்கும் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் இந்த முறையின் குணம் தெரியும். ஆயிரத்து எழுநூறு ரேட்டிங் உள்ள ஒரு பெண் முதல் சுற்றில் தன்னைவிட மிக வலுவான ஒருவரிடம் தோற்கிறாள். அடுத்த சுற்றில் அவளைப் போலவே தோற்ற, அவளைவிடக் கொஞ்சம் குறைந்த ஒருவர் வாய்க்கிறார், வெல்கிறாள். வென்றதும் எதிராளியின் வலு கூடுகிறது. தோற்றால் குறைகிறது. ஒவ்வொரு வெற்றிக்கும் பரிசாக முன்பைவிடக் கடினமான ஆட்டம் கிடைக்கிறது. இப்படி ஏறியும் இறங்கியும், சனிக்கிழமை இரவுக்குள் அவள் தனக்குச் சமமானவர்கள் நடுவே வந்து சேர்ந்திருப்பாள். அவளுக்குக் கிடைக்கப்போவது மூன்றரையா, நான்கா, நான்கரையா என்பதை முடிவு செய்யும் ஆட்டங்கள் எல்லாம் இழுபறியாகத்தான் இருக்கும்.

ஒரே பள்ளிப் பிள்ளைகளைப் பொதுவாக ஒருவருக்கொருவர் எதிராக இணை சேர்ப்பதில்லை. இரண்டு நண்பர்கள் மோதினால் ஒருவர் எடுக்கும் புள்ளி மற்றவரிடமிருந்து போகும்; பள்ளிக்கு லாபமில்லை. வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார்களா என்ற பேச்சும் எழும். அதனால் ஒரு பள்ளியின் பிள்ளைகள் அரங்கத்தின் வெவ்வேறு மூலைகளில் சிதறி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் மூன்றாவது பலகையில், இன்னொருத்தி எழுபதாவது பலகையில். சட்டையின் முதுகில் பள்ளிப் பெயர் இருப்பதால்தான் அவர்கள் ஓர் அணி என்றே வெளியாள் கண்டுபிடிக்க முடியும்.

இப்போது நம் கேள்விக்கே வந்துவிட்டோம். சிதறி ஆடும் இந்தப் பிள்ளைகள் எந்தக் கணக்கில் ஓர் அணி ஆகிறார்கள்?

ஒரு வீட்டில் பிள்ளைகள் தனித்தனி இடத்தில் வேலைக்குப் போகிறார்கள். ஒருவர் மில்லில், ஒருவர் கடையில், ஒருவர் பஸ்ஸில். ஒருவர் வேலையை மற்றவர் செய்ய முடியாது, உதவவும் முடியாது. சனிக்கிழமை கூலியைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுக்கிறார்கள். அம்மா எண்ணிப் பார்க்கும் மொத்தம்தான் அந்த வார வரும்படி. இந்தப் போட்டியில் பள்ளியின் கணக்கும் இதுதான். ஏழு சுற்று முடிந்ததும் ஒரு பள்ளியின் பிள்ளைகளில் அதிகப் புள்ளி எடுத்த நால்வரின் புள்ளிகளைக் கூட்டுகிறார்கள். அதுவே அணியின் புள்ளி. ஆளுக்கு ஏழு வீதம் அதிகபட்சம் 28. ஒரு பள்ளி பத்துப் பேரை அழைத்து வரலாம். கூட்டப்படுவது நால்வருடையது மட்டும். மூன்று பேரோடு வந்தாலும் அணிதான், ஆனால் நான்காவது இடத்தில் பூஜ்யம் நிற்கும்.

எந்த நால்வர் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். ஞாயிறு மாலைதான் அது தெரியும். பள்ளியிலேயே சிறந்த ஆட்டக்காரனுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு புள்ளியோடு முடித்தால், ஐந்தாவது இடத்தில் இருந்த பெண்ணின் நான்கு புள்ளி கணக்கில் ஏறிவிடும். யாரும் எதிர்பாராத ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வாரக்கடைசியில் நன்றாக ஆடிப் பள்ளியைக் காப்பாற்றிய கதைகள் இந்த ஏற்பாட்டில்தான் பிறக்கின்றன.

விதி தெரிந்த பிறகும் பலர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. ஒரு பள்ளியில் ஒரு மேதை இருந்தால் போதும், கோப்பை அந்தப் பள்ளிக்குத்தான் என்பது. செய்தித்தாள்கள் இதை வளர்க்கின்றன. படம் போடுவது எப்போதும் அந்த ஒரு முகத்தைத்தான். நம் ஊரிலும் ஒரு பள்ளியின் பெருமையை அங்கே படித்த ஒரு கிராண்ட்மாஸ்டரின் பெயரை வைத்தே அளக்கிறோம். இந்த எண்ணத்தைக் கணக்கு ஒன்றால் சோதித்துப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு முதல் பள்ளியில் ஒரு மேதை. வந்தவர்களிலேயே வலுவானவன், ஏழுக்கு ஏழு எடுக்கிறான். இதற்கு மேல் ஒரு புள்ளிகூட அவனால் எடுக்க முடியாது. அவன் உலக சாம்பியனே ஆனாலும் கூரை ஏழுதான். கூட வந்த மூவர் ஓரளவு ஆடுபவர்கள்: மூன்றரை, மூன்று, இரண்டரை. மொத்தம் பதினாறு. இரண்டாவது பள்ளியில் மேதை யாரும் இல்லை. நால்வரும் ஒரே தரம், ஒழுங்காகப் பயின்றவர்கள். ஐந்து, நான்கரை, நான்கரை, நான்கு. மொத்தம் பதினெட்டு. தனிநபர் கோப்பை முதல் பள்ளிக்கு, தேசிய அணிப் பட்டம் இரண்டாவது பள்ளிக்கு. இரண்டு புள்ளி வித்தியாசம் இந்தப் போட்டியில் பெரியது. பட்டம் அரைப் புள்ளியில் கைமாறுவது சகஜம்.

ரேட்டிங்கின் கணிதமும் இதையே சொல்கிறது. அந்த எண்ணை இன்றைய வடிவில் வகுத்தவர் அர்பாத் எலோ, மில்வாக்கியில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர். அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும் உலகக் கூட்டமைப்பு 1970இலும் அவர் முறையை ஏற்றன. அதன்படி எதிராளியைவிட இருநூறு கூடுதலாக இருப்பவர் நான்கு ஆட்டங்களில் ஏறக்குறைய மூன்று புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். நானூறு கூடுதல் என்றால் பத்து ஆட்டங்களில் ஒன்பது. அதற்கு மேல் இடைவெளி எவ்வளவு வளர்ந்தாலும் பலன் கொஞ்சம்தான் கூடும், கூடுவதற்கு இடமில்லையே. ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருக்கும் ஒருவரை இன்னும் வலுவாக்கினால் அணிக்குக் கிடைப்பது சொற்பம். நடுவில் திணறும் ஒருவரை இருநூறு ஏற்றிவிட்டால் ஒரு முழுப் புள்ளி கிடைக்கலாம்.

ஆக, பயிற்சியாளர் தன் நேரத்தை யார் மேல் செலவிட வேண்டும் என்பது தெளிவாகிவிடுகிறது. எனக்கு இந்தப் போட்டியில் மிகவும் பிடித்தது இதுதான். நான்காவது, ஐந்தாவது பிள்ளையைக் கவனிப்பதைக் கருணையாக அல்ல, வெற்றிக்கான வழியாகவே விதி ஆக்கி வைத்திருக்கிறது.

அந்த நான்காவது பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொடுக்கலாம்? ஓர் ஆட்ட முடிவைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். பலகையில் காய்கள் குறைந்துவிட்டன. எதிராளியிடம் ராஜா, ஒரு யானை, ஒரு சிப்பாய். நம் பிள்ளையிடம் ராஜாவும் ஒரு யானையும் மட்டும். சிப்பாய் கடைசிக் கட்டத்தை எட்டினால் ராணியாகிவிடும், கதை முடிந்தது. கற்றுக்கொள்ளாத பிள்ளை பதற்றத்தில் யானையை அங்கும் இங்கும் ஓட்டித் தோற்கும். கற்ற பிள்ளை என்ன செய்யும் தெரியுமா? தன் ராஜாவைச் சிப்பாய்க்கு நேர் எதிரே, அது ராணியாக வேண்டிய கட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும். யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் வைக்கும். எதிரி ராஜா அந்த வரிசையைத் தாண்ட முடியாது. யானை அதே வரிசையில் இடமும் வலமும் நகர்ந்துகொண்டே இருந்தால் போதும். வேறு வழியின்றி எதிராளி சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளுவார். தள்ளிய கணமே நம் யானை பலகையின் மறுகோடிக்குப் போய்விடும். பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்கும். எதிரி ராஜா ஒளிய வேண்டிய கட்டத்தில் இப்போது அவருடைய சிப்பாயே நிற்கிறது. டிரா.

பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் பிலிடோர் ஆராய்ந்து எழுதியதால் இதற்குப் பிலிடோர் நிலை என்று பெயர். கற்க மேதைமை தேவையில்லை. பொறுமையான ஓர் ஆசிரியரும் ஒரு மாலை நேரமும் போதும். ஆனால் அது ஓர் அரைப் புள்ளி. அதுவும் அரங்கமே காலியாகி, தன் அணிக்காரர்கள் எல்லாரும் முடித்துவிட்டுப் போன பின் எழுபதாவது பலகையில் எடுக்கப்படும் அரைப் புள்ளி.

அந்த நேரத்தில் பயிற்சியாளர் பக்கத்தில் நின்று உதவ முடியாது. ஒலிம்பியாடில் அணித் தலைவர் தன் ஆட்டக்காரருக்கு டிரா ஏற்கலாம், கேட்கலாம் என்று சொல்ல அனுமதி உண்டு. இங்கே அதுவும் இல்லை. ஆட்டம் தொடங்கியதும் பெற்றோரும் பயிற்சியாளரும் அரங்கத்துக்கு வெளியே. அணியின் நிலவரம் என்ன, தான் வெற்றிக்கு முயல வேண்டுமா, டிரா போதுமா என்பதையெல்லாம் பிள்ளை தானே தீர்மானிக்க வேண்டும்.

பயிற்சியாளரின் வேலை ஆட்டம் முடிந்த பின் தொடங்குகிறது. ஓட்டலில் அணிக்கென்று ஓர் அறையோ மேசையோ இருக்கும். ஆடும்போது ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுதியாக வேண்டும் என்பது விதி. பிள்ளை அந்தத் தாளோடு வந்து உட்காரும். முதல் நகர்விலிருந்து ஆட்டத்தை மறுபடி ஆடிப் பார்ப்பார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள இன்டர்மீடியட் ஸ்கூல் 318 என்ற பள்ளியின் பயிற்சியாளர் எலிசபெத் ஸ்பீகல் இதைச் செய்யும் விதத்தைப் பால் டஃப் என்ற எழுத்தாளர் 2012இல் வந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். தோற்றுவிட்டு வரும் பிள்ளைக்கு அவர் பரவாயில்லை என்று தேறுதல் சொல்லி அனுப்பிவிடுவதில்லை. தவறிய நகர்வில் ஆட்டத்தை நிறுத்துவார். இங்கே எவ்வளவு நேரம் யோசித்தாய் என்று கேட்பார். இரண்டு வினாடி என்று பதில் வந்தால் விடமாட்டார். முதல் தடவை பார்க்கும்போது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பிள்ளையால் இதைவிட நன்றாக யோசிக்க முடியும் என்று முழுமையாக நம்பும் ஒருவர்தான் அப்படிக் கேட்க முடியும்.

இதுவரை பார்த்த கணக்கு எந்த மாதிரிப் பள்ளிகளை மேலே கொண்டுவந்தது என்று பார்த்தால், நியூயார்க்கில் அதே புரூக்ளினுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. எட்வர்ட் ஆர். மரோ உயர்நிலைப் பள்ளி என்று ஓர் அரசுப் பள்ளி. 2004, 2005, 2006 என்று அடுத்தடுத்துத் தேசிய அணிப் பட்டம் வென்றது. அங்கே அணியைக் கட்டியவர் எலியட் வைஸ், கணித ஆசிரியர். ரஷ்யாவிலிருந்தும் லித்துவேனியாவிலிருந்தும் குடிவந்த குடும்பத்துப் பிள்ளைகளும், நகரின் ஏழைப் பகுதிகளில் பிறந்து வளர்ந்த கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளும் அந்த அணியில் இருந்தார்கள். அவர்களோடு ஓர் ஆண்டு முழுவதும் சுற்றி மைக்கேல் வைன்ரெப் என்ற பத்திரிகையாளர் எழுதிய நூல் 2007இல் வெளிவந்தது. வெளியே தெரிந்தவர்கள் இரண்டு மூன்று நட்சத்திரங்கள்தான். ஆனால் 28 என்ற கூரையை நோக்கி ஏற, அவர்களுக்குக் கீழே இருந்தவர்களும் தேவைப்பட்டார்கள்.

318 பள்ளியின் கதை இன்னும் வியப்பு. வில்லியம்ஸ்பர்க் பகுதியில் உள்ள அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை மட்டுமே உள்ள பள்ளி. அந்த ஆண்டுகளில் அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள வீடுகளிலிருந்து வந்தவர்கள். தங்கள் வயதுக்கான நடுநிலைப் பள்ளிப் பட்டத்தைப் பலமுறை வென்றிருந்தார்கள். 2012 ஏப்ரலில் மினியாபொலிஸ் நகரில் நடந்த உயர்நிலைப் பள்ளிப் போட்டிக்கும் போனார்கள். அதற்கு விதியில் தடை இல்லை. பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் படிப்பவர் கூடாது என்றுதான் எல்லை, கீழே எல்லையே இல்லை. பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள், கல்லூரிக்குப் போக இருந்த அண்ணன்கள் அக்காக்களுக்கு நடுவே உட்கார்ந்து ஆடினார்கள். கூட்டிப் பார்த்தபோது தேசிய உயர்நிலைப் பள்ளிப் பட்டம் 318க்கு. ஒரு நடுநிலைப் பள்ளி அதை வென்றது அதுவே முதல் முறை.

எப்படி முடிந்தது? மாஸ்டர் தரத்தைத் தொட்ட பிள்ளைகள் அங்கே இருந்தது உண்மை. ஆனால் கணக்கு நமக்குத் தெரியுமே, ஒருவர் இருவரால் ஆகாது. அந்தப் பள்ளியில் சதுரங்கம் பாடவேளையிலேயே இருந்தது; பள்ளி முடிந்த பின்னும் பயிற்சி தொடர்ந்தது; வாரக்கடைசியில் போட்டிகளுக்கு அழைத்துப்போனார்கள். துணைத் தலைமை ஆசிரியர் ஜான் கால்வின் அதைப் பள்ளியின் முக்கிய வேலைகளில் ஒன்றாகவே நடத்தினார். நிறையப் பிள்ளைகள் ஆடினால்தான் நல்ல நான்காவது ஆளும் ஐந்தாவது ஆளும் கிடைப்பார்கள்.

நிறையப் பிள்ளைகள் என்றால் நிறையச் செலவு. ஒரு மேதையை விமானத்தில் அனுப்ப ஒரு சீட்டு போதும். அணியை அனுப்பப் பல சீட்டு, ஓட்டல் அறை, சாப்பாடு, கூட வரும் ஆசிரியர்கள். 2008இன் நிதி நெருக்கடிக்குப் பின் நியூயார்க்கில் பள்ளிகளின் நிதியை வெட்டியபோது 318இன் திட்டம் ஆட்டம் கண்டது. பிள்ளைகளும் பெற்றோரும் நிதி திரட்ட ஓடியதை ‘புரூக்ளின் காசில்’ என்ற 2012ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் பார்க்கலாம். நிதி குறைந்தால் முதலில் அடிபடுவது மேதையின் சீட்டு அல்ல. அவனை யாராவது அனுப்பிவிடுவார்கள். அடிபடுவது நான்காவது ஆளும் ஐந்தாவது ஆளும்தான். அவர்களோடு அணியும் போய்விடும். ஒரு பள்ளிக்குச் சதுரங்கத்துக்காக யாராவது பணம் தர முன்வந்தால், ஒருவருக்குச் சிறப்புப் பயிற்சி என்பதைவிடப் பத்துப் பேருக்கு ரயில் சீட்டு என்று கேட்டு வாங்குவதே மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டு பள்ளிகள் ஒரே மொத்தத்தில் வந்து நின்றால்? டை-பிரேக், அதாவது சமன் முறிக்கும் கணக்கு. அதில் பல வகை உண்டு, முக்கியமானது இது. ஒருவர் ஆடிய எதிராளிகள் எல்லாரும் போட்டி முடிவில் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று கூட்டுவது. வலுவான எதிராளிகளோடு ஆடி எடுத்த நான்கு புள்ளி, எளிய எதிராளிகளோடு எடுத்த நான்கைவிட உயர்ந்தது என்று பொருள். ஒருவேளை மிகப் பலவீனமான ஓர் எதிராளி வாய்த்ததற்குப் பிள்ளை பொறுப்பாக முடியாது என்பதால், பாதிக்கு மேல் புள்ளி எடுத்தவருக்கு அந்த மிகக் குறைந்த எண்ணை விட்டுவிட்டுக் கூட்டும் வகையும் இருக்கிறது. நால்வரின் எண்களையும் சேர்த்தால் பள்ளியின் டை-பிரேக்.

இதனால் ஒரு விசித்திரம் நடக்கும். வெள்ளிக்கிழமை நம்மைத் தோற்கடித்த பையன் ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்க வேண்டும் என்று நாம் வேண்டிக்கொள்வோம். அவன் புள்ளி ஏற ஏற நம் கணக்கும் ஏறுகிறது. கடைசிச் சுற்றில் தங்கள் ஆட்டத்தை முடித்துவிட்ட பிள்ளைகள் வெளியே ஒட்டியிருக்கும் பட்டியலில் விரல் வைத்து, தங்களை வென்றவர்களின் பெயரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

318 பள்ளியின் அந்த 2012 அணிக்கு ஒரு பின்கதை உண்டு. உயர்நிலைப் பள்ளிப் பட்டத்தை வைத்திருந்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு கிடையாது. அணியில் பெரும்பாலோர் எட்டாம் வகுப்பு. நியூயார்க்கில் எட்டு முடித்தவர்கள் நகரம் முழுவதும் உள்ள உயர்நிலைப் பள்ளிகளுக்கு விண்ணப்பித்துப் பிரிந்து போவது வழக்கம். 318இல் ஆடக் கற்றுப் பின்னர் வேறு பள்ளிகளின் அணியில் சேர்ந்தவர்கள் முன்பே இருந்தார்கள். வருடக்கணக்காக ஒரே அறையில் பயின்று, ஒரே விமானத்தில் பறந்து, ஒரே கூட்டலில் சேர்ந்தவர்கள் அந்தக் கோடையோடு வெவ்வேறு பள்ளிப் பெயர்களுக்குள் போனார்கள். அதுவரை ஒரே பள்ளி என்பதால் நடுவர்கள் அவர்களை எதிரெதிரே உட்கார வைக்காமல் தவிர்த்து வந்தார்கள். அடுத்த ஏப்ரலிலிருந்து அந்தத் தடை இல்லை.